யார் பேரில் இந்த வண்டி

மியூரியல் டாலன்டயருக்கு யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல வராது. ஏதாவது கேட்டால் "பார்க்கலாம்" என்பாள். அந்தப் "பார்க்கலாம்" உண்மையில் "முடியாது"தான் என்பது கேட்டவருக்கு ஒரு மாதம் கழித்து, வேறு வேலையாக நடந்துகொண்டிருக்கும்போது உறைக்கும். இப்படிப்பட்டவள் தலைவியாக இருந்தால் சண்டை வராது என்றுதான் வட இங்கிலாந்து மலைமேல் இருக்கிற கார்ஸ்கில் ஊரின் மண்டபக் கமிட்டி அவளைத் தலைவியாகப் போட்டது. ஆகவே லான்ஸ் பியர்ட்டை வேலையிலிருந்து எடுக்க வேண்டிய நாள் வந்தபோது எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

லான்ஸ் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இல்லை. மண்டபத்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கிப் போடுகிறவர், அவ்வளவுதான். கரி, கூரை ஓடு, தேநீர்ப் பாத்திரம், புல்வெட்டி எது தீர்ந்தாலும் கெட்டாலும் அவர் தொலைபேசியை எடுத்து, "கார்ஸ்கில் மண்டபத்துக்காக லான்ஸ் பேசறேன்" என்பார். சாமான் மலையேறி வந்துவிடும். பில் கமிட்டிக்கு வரும். கமிட்டி கொடுத்துவிடும். பல வருஷமாக இப்படியே நடந்தது.

சிக்கல் என்னவென்றால் லான்ஸின் கை கொஞ்சம் பெரிய கை. இரண்டு டஜன் மடக்கு நாற்காலி வாங்கி வரச் சொன்னால், நியூகாசிலில் மூடிப்போன ஒரு சினிமா கொட்டகையின் இருக்கைகள் மொத்தத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறாறாகப் பிணைத்த சிவப்பு வெல்வெட் இருக்கைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சாம்பல் தட்டு. பெண்கள் சங்கக் கூட்டங்களில் எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. செப்டம்பரில் கமிட்டி கூடிப் போதும் என்று முடிவெடுத்தது.

மியூரியல் அவரைத் தன் வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். தேநீர் வைத்தாள். கேக் வெட்டினாள்.

"லான்ஸ், நீ எங்களுக்காக எவ்வளவோ பண்ணிட்ட. இனிமே கொஞ்சம் ஓய்வா இருக்கலாமேன்னு எல்லாருக்கும் தோணுது."

"எனக்கு ஒண்ணும் களைப்பா இல்லையே."

"களைப்பு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துக்கணும், இல்லையா?"

லான்ஸ் அதை யோசித்துப் பார்த்தார். இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார். "நீ சொன்னா சரிதான் மியூரியல்" என்றார். போகும்போது கை குலுக்கினார். ஐவிக்கென்று அவள் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். ஐவி அவர் மனைவி.

"எப்படி எடுத்துக்கிட்டாரு?" என்று பொருளாளர் ஸ்டான்லி நாட்ரஸ் கேட்டார்.

"ரொம்ப நல்லபடியா" என்றாள் மியூரியல். அது பொய்யில்லை. எதை எடுத்துக்கொள்கிறோம் என்று லான்ஸுக்குத் தெரியாததால் நல்லபடியாகத்தான் எடுத்துக்கொண்டார். கடைக்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் லான்ஸுக்குச் சங்கடமாக இருக்கும் என்று கமிட்டி நினைத்தது.

நவம்பரில் ஒரு காலை, நீளமான லாரி ஒன்று மண்டபத்து வாசலில் வந்து நின்றது. அதன் முதுகில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய டிராக்டர். டிராக்டரின் முன்னால், ஆளுயரத்துக்கு, வளைந்த இரும்புத் தகடு. பனியைத் தள்ளி ஒதுக்குகிற வண்டி. லாரிக்காரன் அதை இறக்கிவிட்டு மியூரியலிடம் ஒரு தாளை நீட்டினான்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

வண்டியை நாங்கள் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வேண்டிய இடம் அது. "முதல்ல ஒரு தேநீர் குடிங்களேன்" என்றாள் மியூரியல். குடித்தான். கையெழுத்து மறந்துபோய், லாரி கீழே இறங்கிப் போயிற்று. வண்டி நின்றது.

லான்ஸ் வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார்.

"லான்ஸ், இது என்ன?"

"பனி தள்ற வண்டி."

"அது தெரியுது. யாரு வாங்கினா?"

"மண்டபம்."

"மண்டபத்துக்காக யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"உன்னை ஓய்வெடுத்துக்கச் சொன்னேனே!"

"எடுத்தேனே. ரெண்டு வாரம். நல்லா இருந்துச்சு. ரொம்ப நன்றி."

மியூரியல் வீட்டுக்குப் போய், டார்லிங்டனில் அந்த வண்டியை விற்ற ரெய்ஸ்ட்ரிக்குக்குத் தொலைபேசி போட்டாள். விவசாய வண்டிகள் விற்கிறவர். கணீரென்ற குரல்.

"மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக், ஒரு சின்னக் குழப்பம் நடந்துபோச்சு. லான்ஸ் பியர்ட் இப்ப எங்க ஆள் இல்லை."

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர்லேர்ந்து."

"யாரு சொன்னா என்கிட்ட?"

ரெய்ஸ்ட்ரிக் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"புல்வெட்டி வாங்கினப்ப உங்க ஆள். ஜெனரேட்டர் வாங்கினப்ப உங்க ஆள். ரெண்டுக்கும் நீங்கதான் பணம் அனுப்புனீங்க. அக்டோபர்ல அதே ஆள், அதே குரல்ல, அதே மண்டபத்துக்காகப் பேசறேங்கறாரு. நான் என்னம்மா பண்ணணும், ஜோசியம் பார்க்கணுமா?"

"பார்க்கலாம்" என்று சொல்லி மியூரியல் தொலைபேசியை வைத்தாள். வைத்த பிறகுதான் அந்த இடத்துக்கு அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது.

ஹெக்ஸமில் மிஸ் சார்ல்டன் என்ற வக்கீல் இருந்தார். ஒல்லியான மனுஷி. யார் எவ்வளவு பதறினாலும் அவர் குரல் ஒரே உயரத்தில் இருக்கும். மியூரியலும் ஸ்டான்லியும் போய் அவர் முன்னால் உட்கார்ந்து கதையைச் சொன்னார்கள். மிஸ் சார்ல்டன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்:

"எடுத்தாச்சுன்னு அவருகிட்ட எந்த வார்த்தையில சொன்னீங்க?"

மியூரியல் சொன்னாள். கேக் விஷயத்தையும் சொன்னாள்.

"அப்ப எடுக்கவே இல்லைன்னு அவரு சொல்லலாம். எடுத்தாச்சுன்னே வெச்சுப்போம். அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல. ரெய்ஸ்ட்ரிக்குக்கு அது எப்படித் தெரியும்? இவர்தான் எங்க ஆள்னு வருஷக்கணக்கா ஊருக்குக் காட்டிட்டு, இல்லைங்கறதை மட்டும் உங்க சமையலறைக்குள்ள சொன்னா செல்லாது. அவர் உங்க ஆளாத் தெரிஞ்சார். தெரியவெச்சது நீங்க."

"அப்ப மண்டபம் பணம் குடுக்கணுமா?" என்றார் ஸ்டான்லி.

"மண்டபம்னு சட்டத்துக்கு முன்னாடி யாரும் கிடையாது மிஸ்டர் நாட்ரஸ். அது ஒரு கட்டடம். கம்பெனியாப் பதிவு பண்ணலை. கமிட்டியில இருக்கிறவங்க குடுக்கணும். அவங்கவங்க கையிலேர்ந்து."

ஸ்டான்லி தன் தொப்பியை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். பிறகு அந்த முழங்காலிலிருந்து இந்த முழங்காலுக்கு மாற்றினார். அந்த வண்டியின் விலைக்குக் கார்ஸ்கிலில் ஒரு சின்ன வீடு வாங்கலாம்.

"வாதாடிப் பார்க்கலாம்" என்றார் மிஸ் சார்ல்டன். "புல்வெட்டி வேற, இவ்வளவு பெரிய வண்டி வேற, ஒரு வார்த்தை விசாரிச்சிருக்க வேண்டாமான்னு கேட்கலாம். அதுக்குக் கொஞ்சம் இடம் இருக்கு. ஆனா ஒண்ணு. அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது. ஒரு தடவை நீங்க அதை ஓட்டிட்டீங்கன்னா, லான்ஸ் பண்ணினதை நீங்களே ஏத்துக்கிட்டதா ஆயிடும். அப்புறம் நான் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அதனால் வண்டிமேல் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். சாவி மியூரியலின் சமையலறை ஆணியில் தொங்கியது.

ஜனவரியில் பனி வந்தது. அந்த மலையில் பனி வருவது புதுசில்லை. மாவட்டத்துப் பனிவண்டி கார்ஸ்கிலைக் கடைசியாக நினைத்துக்கொள்வதும் புதுசில்லை. புதுசாக இருந்தது என்னவென்றால், ஊரே கரி அள்ளும் வாரிகளோடு தெருவில் குனிந்து நின்று பனியை அள்ளிக்கொண்டிருக்க, நடுவில் உலகத்திலேயே அந்த வேலைக்கென்று செய்த வண்டி ஒன்று தார்ப்பாய்க்குள் நின்றுகொண்டிருந்ததுதான். முதல் நாள், வண்டி நிற்கும் இடம் வரைக்கும் பாதை வெட்டினார்கள். இரண்டாம் நாள் தார்ப்பாய் மேல் கனத்த பனி விழுந்து கயிறு அறுந்துவிடும் போலிருந்ததால், வண்டிமேல் இருந்த பனியையும் வாரியால் தள்ளினார்கள்.

"வண்டிக்கு வசதியா இருக்கா? போர்வை கீர்வை வேணுமான்னு கேளு மியூரியல்" என்றான் கசாப்புக் கடைக்காரன்.

"அதைத் தொடக் கூடாது."

"தொடல. விசாரிக்கறேன். விசாரிச்சா ஏத்துக்கிட்டதா ஆயிடுமா?"

மியூரியல் வாரியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். இரவு மிஸ் சார்ல்டனுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்கலாமா என்றுகூட யோசித்தாள்.

மூன்றாம் நாள் ரொட்டியும் சூப்பும் எடுத்துக்கொண்டு அவள் லான்ஸ் வீட்டுக்குப் போனாள். லான்ஸ் கொல்லையில் கரி எடுத்துக்கொண்டிருந்தார். ஐவி ஜன்னலோரம் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன குளிர்காலத்தில் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். ஆம்புலன்ஸ் ஊருக்கு வருகிற மலைக் கணவாயைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போய்விட்டது. மறுபடி வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் இதே அறைத் தரையில் படுத்துக் கிடந்தாள், நகர்த்தினால் கத்துவாள் என்பதால்.

"அவருக்கு வேலை போனது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் ஐவி. "எனக்கும் ஒரு துண்டு கேக் குடுத்தனுப்பினியே. பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"அவருகிட்ட நீ சொல்லலையா?"

"நான் எதுக்குடி சொல்லணும்? எடுத்தவ நீ."

மியூரியல் சூப்புப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று பார்த்தாள்.

"அந்த ரெண்டு நாளும் அவரு பக்கத்துலயே தரையில உட்கார்ந்திருந்தாரு" என்றாள் ஐவி. "ஒரு வார்த்தை பேசல. அக்டோபர்ல ஒரு நாள் திடீர்னு எழுந்து போனைப் போட்டாரு. நான் தடுக்கல. தடுத்திருக்கணும்னும் தோணல. அதை அடுப்புமேல வை, ஆறிப்போகுது."

அன்று மதியம் காற்று திரும்பியது. விழுந்த பனியை மறுபடி அள்ளி மேலே வீசுகிற காற்று. மூன்று மணிக்கு மியூரியலின் தொலைபேசி அடித்தது. கணவாய்க்குக் கீழே, அடிவாரத்து மதுக்கடைக்காரி.

"மியூரியல், டார்லிங்டன் ஆளு ஒருத்தர் வந்து சேர்ந்தாரா? ரெய்ஸ்ட்ரிக்னு பேரு."

"ரெய்ஸ்ட்ரிக்கா? இங்கயா?"

"உங்க கமிட்டியை நேர்ல பார்த்து ரெண்டுல ஒண்ணு கேட்கப் போறேன்னு சொல்லிட்டு இருந்தாரு. போகாதீங்கன்னு சொன்னேன். நான் வண்டி விக்கறவன், எனக்கு ரோடு தெரியும்னாரு. பதினொரு மணிக்குக் கிளம்பினாரு."

மியூரியல் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள். வண்டிகள் எல்லாம் பெரிய சாலையில் இருக்கின்றன, நாளைக்கோ மறுநாளோ பார்க்கிறோம் என்றார்கள். நடந்து போய்த் தேடலாமா என்று கிளம்பிய இரண்டு பேர் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தாங்களே திசை தெரியாமல் திரும்பி வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். கமிட்டிக்காரர்கள் மியூரியலின் சமையலறையில் வந்து நின்றார்கள். எல்லாரும் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள்.

மியூரியல் ஹெக்ஸமுக்குத் தொலைபேசி போட்டாள்.

"மிஸ் சார்ல்டன், ரெய்ஸ்ட்ரிக் கணவாய்ல மாட்டிக்கிட்டாரு. அவரை வெளிய எடுக்கணும்னா அந்த வண்டியைத்தான் எடுக்கணும். எடுத்தா நாங்க ஏத்துக்கிட்டதா ஆகுமா?"

"விக்கறவரையே காப்பாத்தறதுக்கா?" என்றார் மிஸ் சார்ல்டன். "சுவாரஸ்யமான கேள்வி. புத்தகம் பார்க்கணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வியாழக்கிழமைக்குள்ள சொல்றேன்."

"வியாழக்கிழமைக்குள்ள அவரு செத்துப்போயிடுவாரு!"

"அப்ப வழக்கு அவரு வாரிசுகளுக்குப் போகும். உங்களுக்கு அதனால லாபமில்லை." மிஸ் சார்ல்டன் மூச்சு விடுவது கேட்டது. "ஒரு வழி இருக்கு மிஸஸ் டாலன்டயர். வண்டி அவரோடதுன்னுதானே நாம சொல்லிட்டிருக்கோம்? ஆபத்துல, கேட்க முடியாத இடத்துல ஒருத்தர் இருந்தா, அவரு பொருளை வெச்சு அவருக்காக இன்னொருத்தர் காரியம் பண்ணலாம். அவசரத்துக்கு நீங்க அவரோட ஆள். மண்டபத்துக்காக இல்ல, ரெய்ஸ்ட்ரிக்குக்காக எடுக்கறோம்னு சாட்சி வெச்சு, சத்தமாச் சொல்லிட்டு எடுங்க. கோர்ட்ல நிக்குமான்னு உறுதி சொல்ல மாட்டேன். மனுஷன் பிழைச்சா சரி."

மியூரியல் சாவியை எடுத்தாள். மண்டபத்து வாசலில், காற்றுக்கு மேலே கேட்கும்படி கத்தினாள்: "இந்த வண்டியை மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக்குக்காக, அவரு பேர்ல எடுக்கறோம்! மண்டபத்துக்காக இல்ல! எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம்!" என்றார்கள் எல்லாரும். கசாப்புக் கடைக்காரன் தொப்பியைக்கூடக் கழற்றினான்.

தார்ப்பாயை இழுத்த பிறகுதான், அதை ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது நினைவுக்கு வந்தது. லான்ஸ் அதற்குள் கையுறை போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

"யாரு பேர்ல ஓட்டறேன்?" என்று கேட்டார்.

"ரெய்ஸ்ட்ரிக் பேர்ல."

"சரி" என்றார் லான்ஸ். "அவரு எனக்கு ஓய்வு எதுவும் குடுக்கல."

மியூரியல் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இயந்திரம் ஒரே திருப்பில் கிளம்பியது. இரும்புத் தகடு இறங்கியது. மூன்று நாளாக ஊரின் இடுப்பை ஒடித்த பனி, பாலாடையை ஒதுக்குவது போல் இரண்டு பக்கமும் சரிந்து விலகியது. மியூரியலுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. கமிட்டித் தலைவியாக அதைக் காட்டிக்கொள்ளாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணவாயில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. சாலையோரக் கல் சுவரின் தலையைக் குறி வைத்து லான்ஸ் மெல்ல ஓட்டினார். வாய் ஏதோ முணுமுணுத்தது. பிரார்த்தனையோ என்று மியூரியல் குனிந்து கேட்டாள். வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார். மேட்டின் உச்சியைத் தாண்டியதும் தகடு எதையோ உரசி, பல் கூசும்படி ஒரு நீளமான சத்தம் எழுப்பியது.

"சுவரா?" என்றாள் மியூரியல்.

"சுவர் பச்சை நிறத்துல இருக்காது" என்றார் லான்ஸ்.

அது ரெய்ஸ்ட்ரிக்கின் வேன். பனிக்குள் முழுக்கப் புதைந்திருந்தது. அதன் ஒரு பக்கம், முன் விளக்கிலிருந்து பின் கதவு வரைக்கும், தகரப் பெட்டி திறந்தது போல் பிரிந்து வந்துவிட்டது. பிரிந்த இடத்தின் வழியாக ரெய்ஸ்ட்ரிக் தெரிந்தார். இரண்டு சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் பாதி கடித்த பன்றிக்கறிப் பலகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. புருவத்தில் பனி. அவர் முதலில் அவர்களைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

"அப்ப... ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்க" என்றார், பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதே.

"இல்லை மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக்" என்றாள் மியூரியல். "நீங்கதான் ஓட்டறீங்க."

அவரை இழுத்தெடுத்து நடுவில் உட்காரவைத்தபோது அவரால் கால் விரல்களை உணர முடியவில்லை. லான்ஸ் தன் கோட்டைக் கழற்றி அவர் காலைச் சுற்றிக் கட்டினார். திரும்பி வரும்வரை சட்டையோடு ஓட்டினார். ரெய்ஸ்ட்ரிக் வழியெல்லாம் தூங்கப் பார்த்தார். மியூரியல் அவர் கன்னத்தைத் தட்டி, வண்டியின் விலையைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் கண் விழித்துப் பதில் சொன்னார்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் பாதை இன்னும் அடைந்துதான் கிடந்தது. அதனால் ரெய்ஸ்ட்ரிக் மியூரியலின் வீட்டிலேயே தங்கினார். அவள் கோடையில் மலையேற வருகிறவர்களுக்கு விடுகிற அறைதான். மறுநாள் காலை அடுப்போரம், வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு, முட்டையும் பன்றிக்கறியும் சாப்பிட்டு முடித்ததும் வழக்கு மறுபடி தொடங்கியது.

"உயிரைக் காப்பாத்துனீங்க, அதை மறக்க மாட்டேன்" என்றார். "ஆனா ஓட்டினது ஓட்டினதுதான். வண்டி உங்களோடது."

"அப்படியா?" என்றாள் மியூரியல். "எங்களோடதுன்னா, எங்க வண்டி உங்க வேனைக் கிழிச்சிருக்கு. அதுக்கு நாங்க பணம் தரணும்."

"தரணும்."

"உங்களோடதுன்னா, நாங்க உங்க ஆளா ஓட்டினோம். உங்க ஆளு பண்ணினது நீங்க பண்ணின மாதிரி. அப்ப உங்க வேனை நீங்களே கிழிச்சிருக்கீங்க."

ரெய்ஸ்ட்ரிக் ஒரு காலை வெந்நீரிலிருந்து எடுத்தார். எடுத்ததை மறந்து அப்படியே வைத்திருந்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா இதை?"

"ஹெக்ஸம்ல ஒருத்தங்க."

"அவங்க நம்பரைக் குடுங்க. எனக்கும் வக்கீல் வேணும்."

அன்று மத்தியானம் அவருக்கு உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாக, ஊர்க்காரர்கள் வாரியால் பனி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் எழுந்து, லான்ஸ் இரவல் கொடுத்திருந்த பூட்ஸை மாட்டிக்கொண்டார். "என்னால இதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். யாரும் தடுக்கவில்லை. அவர் வண்டியை அவர் ஓட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்காது என்று ஸ்டான்லி எல்லாருக்கும் விளக்கினார். ரெய்ஸ்ட்ரிக் பெரிய தெருவைத் திறந்தார். பிறகு தேவாலயப் பாதையை. பிறகு, லான்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்ட, மலைமேல் ஒதுங்கிக் கிடந்த பண்ணைகளுக்குப் போகிற பாதைகளை. அங்கே ஒரு பண்ணையில் கைக்குழந்தைக்குப் பால் மாவு தீர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அந்தத் தாய் ரெய்ஸ்ட்ரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டார்லிங்டனில் அவர் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. திரும்பி வந்து ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் அதிகம் பேசவில்லை.

அவர் வந்த நாலாம் நாள் கணவாய்ப் பாதை திறந்தது. ரெய்ஸ்ட்ரிக் வேனை ஏற்றிப் போக லாரி வரவழைத்தார். வண்டியையும் அதே லாரியில் ஏற்றிவிடலாம் என்றார், குரலில் பெரிய ஆர்வமில்லாமல். மண்டபத்தில் கமிட்டி கூடியது. கமிட்டி மட்டுமில்லை; சிவப்பு வெல்வெட் இருக்கைகள் நிரம்பி ஆட்கள் சுவரோரமும் நின்றார்கள். வண்டியை வைத்துக்கொள்ளலாமா என்று ஸ்டான்லி கேட்டபோது கைகள் தூக்கப்பட்டன. எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. பணம் கமிட்டிக்காரர்கள் தலையில் விழக்கூடாது, ஊர் மொத்தமும் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. ரெய்ஸ்ட்ரிக் விலையில் வேனைப் பழுது பார்க்கிற செலவைக் கழித்துக்கொண்டார். அதற்குமேல் இன்னும் கொஞ்சமும் கழித்தார். ஏன் என்று கேட்டதற்கு, ஏற்கெனவே ஓட்டிப் பார்த்த வண்டி என்றார்.

மிஸ் சார்ல்டன் வியாழக்கிழமை, சொன்னபடியே, தொலைபேசி போட்டார். புத்தகம் பார்த்தாயிற்றாம். நீங்கள் எடுத்தது ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறதாம். ஊரே வாங்கிவிட்டது என்று மியூரியல் சொன்னாள். "அப்படியா" என்றார் மிஸ் சார்ல்டன். அந்த ஒரே உயரத்துக் குரலிலும் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. "ஒரு காரியம் மட்டும் பாக்கி. அந்த மனுஷர் விஷயத்தை முடிச்சிடுங்க. இல்லைன்னா அடுத்து என்ன வரும்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

மியூரியல் அன்று மாலையே லான்ஸ் வீட்டுக்குப் போனாள். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. ஐவி அவளைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்து உள் அறைக்குப் போய்விட்டாள். லான்ஸ் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"லான்ஸ், உன்னை வேலையிலேர்ந்து எடுத்துட்டோம். செப்டம்பர்லயே எடுத்தோம். அன்னிக்கு நான் அதை உன்கிட்ட ஒழுங்காச் சொல்லல. இனிமே மண்டபத்துக்காக நீ எதுவும் வாங்கக் கூடாது. கடைக்காரங்க எல்லாருக்கும் நாளைக்கு எழுதப் போறேன்."

லான்ஸின் கை பூட்ஸ் மேலேயே நின்றது.

"நான் பண்ணின தப்பு என்ன?"

"கேட்டதை வாங்க மாட்டேங்கற. எப்பவும் கேட்டதைவிடப் பெருசா வாங்கற."

"அந்த வண்டி?"

"அதையும் யாரும் கேட்கல."

"அது இல்லைன்னா..."

"தெரியும். அது இல்லைன்னா அந்த ஆளு செத்திருப்பாரு. அது நல்ல வண்டி. ஐவிக்காகத்தான் வாங்கினன்னும் தெரியும். ஆனா கேட்டிருக்கணும் லான்ஸ். எங்க எல்லாரையும் கடன்ல தள்ளிட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

மியூரியலுக்கு அது தெரியும். லான்ஸுக்கும் தெரியும். லான்ஸ் மறுபடி பூட்ஸைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"கதவைச் சாத்து மியூரியல். குளிர் வருது" என்றார் லான்ஸ் கடைசியில்.

"உள்ள இருந்தா, வெளிய இருந்தா?"

"வெளிய இருந்து."

அவள் வெளியே இருந்து சாத்தினாள். வீட்டுக்கு நடந்து போகும்போது அழுகை வந்தது. அதோடு, பல மாதமாக உள்ளங்காலில் குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை என்றும் தெரிந்தது. இரண்டில் எதைக் கவனிப்பது என்று தெரியாமல் நடந்தாள்.

வண்டி ஓட்ட ஸ்டான்லியின் மருமகனைப் போட்டார்கள். பிப்ரவரியில் அவன் அதை ஒரு தடவை வாய்க்காலில் இறக்கினான். லான்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்தார், வெளியே வரவில்லை. மியூரியலைத் தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். ஐவி வழக்கம்போல் தேநீருக்கு வந்து போனாள். அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஏப்ரலில், ஆடுகள் குட்டி போடுகிற சமயத்தில், ஒரு காலை மியூரியல் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது லான்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மண்டபத்துக் கூரையில வடக்குப் பக்கம் தண்ணி இறங்குது. ரெண்டு ஓடு நகர்ந்திருக்கு. வாங்கறதுக்காகச் சொல்லல. போற வழியில பார்த்தேன், அவ்வளவுதான்."

"ரெண்டே ரெண்டு ஓடா?"

"ரெண்டே ரெண்டு."

மியூரியல் துணியைக் கூடையிலேயே போட்டாள். "ஏணி என்கிட்ட இருக்கு. பழைய ஓடும் கொட்டகையில கொஞ்சம் கிடக்கு. ஒரு முனையைப் பிடிச்சுக்கறியா?"

லான்ஸ் யோசித்தார். வேலியைச் சுற்றி வந்து, ஏணியின் கனமான முனையைத் தூக்கிக்கொண்டார்.